பதினெட்டு வரிகளுக்கு வைத்தியம்

ஒரு ஸ்லைடில் ஐந்து வரிக்கு மேல் ஏற்றினால் வரிகள் இறங்கிப் போய்விடும். மேலக்குறிச்சி கால்நடை மருத்துவர் சண்முகவடிவுக்கு அது தெரியாமலில்லை. ஆனால் அவளுடைய மருந்தகத்தை மூடுவதா வேண்டாமா என்று மறுநாள் பதினொரு மணிக்கு ஆன்லைன் கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறார்கள். அவளுக்கு ஒதுக்கியது ஒரே ஸ்லைடு. ஆறு வருஷத்து வேலையைப் பதினெட்டு வரிகளாக்கி அதில் திணித்துவிட்டாள்.

காலையில் திறந்தால் ஸ்லைடு வெறும் வெள்ளையாக இருந்தது. வரிகளெல்லாம் வெளிப்பெஞ்சில், ஒரு நொண்டி ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. உதவியாளர் பிச்சையா எல்லாவற்றுக்கும் டோக்கன் கொடுத்திருந்தார்.

"மூச்சு முட்டுதும்மா," என்றது முதல் வரி. "ஒருத்தர் மடியில ஒருத்தர் எம்புட்டு நேரம் இருக்கது?"

"முதல்ல ஆடா, வரியாம்மா?" என்று பிச்சையா கேட்டார்.

"டோக்கன்படி அனுப்புங்க."

'கால்நடைகளின் நலனையும் கிராமப் பொருளாதாரத்தின் இன்றியமையாமையையும் கருத்தில் கொண்டு' என்ற வரிக்கு வயிறு உப்பியிருந்தது. விலாவைத் தட்டினாள், மத்தளச் சத்தம் கேட்டது. மாட்டுக்குச் செய்வதுபோல இடது பக்கம் ஊசியால் குத்தினாள். புஸ்ஸென்று காற்று இறங்கியதும் மேசைமேல் 'கொண்டு' மட்டும் கிடந்தது.

"தேவலையா?"

"பசிக்குதும்மா," என்றது அது.

தடுப்பூசி வரியின் உடம்பெல்லாம் சதவீதங்கள் உண்ணியாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். ஆட்டுக்குக் கட்டுப் போட்டாள். பத்தரை மணிக்குக் கடைசி டோக்கன் வந்தது. மெலிந்த வரி. கதவோரமே நின்றது.

'பேச்சியம்மாளின் பசு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் செத்தது.'

சண்முகவடிவு லீவில் போய் மருந்தகம் பூட்டிக் கிடந்த பத்து நாளில் நடந்தது அது. ஸ்லைடின் அடியில், பொடி எழுத்தில், அவளேதான் எழுதியிருந்தாள்.

"உனக்கு என்ன செய்யுது?"

"நோவு ஒண்ணுமில்லம்மா. தூரத்துல இருந்து பார்த்தா தெரியமாட்டேங்கேன்."

சத்து மருந்து இரண்டு மூடி கொடுத்தாள். வரி அறை முழுக்க வளர்ந்தது.

"ஸ்லைடுக்கு நீ மட்டும் போ," என்றாள்.

மற்ற பதினேழுக்கும் முகம் வாடிவிட்டது. "நீங்க என் வாய் வழியா வாங்க. ஒவ்வொருத்தரா," என்று சமாதானம் சொன்னாள்.

கூட்டத்தில் அவளுக்கு முன்னால் பேசிய அதிகாரி இருபத்திரண்டு வரி ஏற்றியிருந்தார். அவர் வாசிக்க வாசிக்க அவை இறங்கிப் போயின. காலியான ஸ்லைடைக் கடைசிவரை வாசித்து முடித்தார். அடுத்து அவள் ஸ்லைடு வந்தது. எல்லாரும் ஒரே மூச்சில் படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"அடுத்த ஸ்லைடும்மா?" என்றார் இயக்குநர்.

"இல்லைங்க சார். மிச்சத்தைச் சொல்றேன்."

மடிக்கணினிக்குப் பின்னால் வரிசையில் நின்ற வரிகள், முறை வந்தபோது தள்ளுமுள்ளு இல்லாமல் வந்தன. நாலு நிமிஷம். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மருந்தகம் தொடர்ந்து இயங்கும் என்ற ஆணை மூன்றாம் நாள் தபாலில் வந்தது. உறை கனத்தது. சண்முகவடிவு ஆணையைப் பிரித்து மேசையில் கிடத்தி, ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள்.

"சினை. ரெண்டு இணைப்பு இருக்கு," என்றாள். "இன்னைக்கே ஈனிடும்."

பிச்சையா வைக்கோல் எடுத்துவரப் போனார்.