பெஸானியா வீட்டுக் குரல்

செத்துப்போனவரின் அறையில் டெலிபோன் அலறியது.

கட்டிலைச் சுற்றி நின்ற யாரும் அசையவில்லை. மணி அடித்து ஓய்ந்தது. மூச்சு விடும் நேரம்கூட இல்லை, மறுபடி அடித்தது. ஓய்ந்தது. மறுபடி.

"யாரு இவ்வளவு காலைல? செய்தியே இன்னும் வெளியில போகலையே," என்றான் ஸரீர். செத்தவரின் மகள் டெஹ்மினாவுக்குச் சித்தப்பா மகன்.

நர்ஸ் பிரிசில்லா மருந்து பாட்டில்களை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள். "தினமும் இந்நேரத்துக்கு சேட் கூப்பிடுவாரு. இன்னிக்குக் கூப்பிடலை. அதான் ஒவ்வொரு கம்பெனியா அவங்களே கூப்பிடறாங்க."

கப்பலில் வந்த ஐஸ்கட்டியை மரத்தூளில் பொதிந்து வீடு வீடாக விற்றவர் டெஹ்மினாவின் கொள்ளுத்தாத்தா. அவர் காலத்து வழக்கம் அது. குடும்பத்தில் மூத்தவர் காலையில் வாயால் சொல்வதுதான் உத்தரவு. காகிதத்தில் ஒரு வரி கிடையாது. எழுதினால் நாலு பேர் படிப்பார்கள் என்பார் அந்தக் கிழவர். ஐஸ் போய் பஞ்சாலை வந்தது, கிரேன் கம்பெனி வந்தது, பிஸ்கட், பெயின்ட், படகு என்று என்னென்னவோ வந்தன. எல்லாம் மூத்தவரின் குரலில்தான் நடந்தன. மூன்று வருடமாக, இப்போது கட்டிலில் கிடக்கும் ஜால் பெஸானியாவை டைரக்டர்கள்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ஒருநாள் காலைகூடக் குரல் தவறியதில்லை.

மூலையில் உட்கார்ந்திருந்த சோலி காகா எழுந்தார். டெஹ்மினாவுக்குச் சித்தப்பா, அவள் அப்பாவின் ஒரே தம்பி. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்.

"சேட்ஜி? சேட்ஜி, இருக்கீங்களா?" உள்ளேயிருந்து வந்த சின்னக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

காகா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். விடியற்காலையிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஆள் போயிட்டார்னு சொல்லித் தொலைங்களேன் அப்பா," என்றான் ஸரீர்.

காகா ரிசீவரை வைத்துவிட்டு, குனிந்து, சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

டெஹ்மினா அப்பாவின் முகத்தருகே போனாள். தாடையோடு சேர்த்து ஒரு வெள்ளைத் துணி வாயை மூடியிருந்தது.

புனாக்காரன் ஒருவனை, அதுவும் பார்சி அல்லாத மராட்டிக்காரனை, அவள் கட்டிக்கொண்ட அன்று அப்பா அவளைக் கிரேன் கம்பெனியிலிருந்தும் வீட்டிலிருந்தும் ஒரே வாக்கியத்தில் வெளியேற்றினார். பிறகு எத்தனையோ வருட மௌனம். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை புனா வீட்டு டெலிபோன் அடித்தது. "என்ன டிக்ரா, ஆப்பிரிக்கன் கிளி மாதிரி பேசுவியே, இப்ப ஊமையாயிட்டியா?" பிள்ளையே என்று கூப்பிடும் அந்த 'டிக்ரா'வைக் கேட்டதும் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பின் எல்லா ஞாயிறும் வந்தது அந்தக் குரல். வந்து பார்க்கிறேன் என்றால் மட்டும் விடமாட்டார். "பக்கவாதத்துல கால் இழுத்துக்கிச்சு. நொண்டியா என்னைப் பாக்க வேணாம். குரலைக் கேளு, போதும்." போன ஞாயிறு, தனக்குப் பின் சேர்மன் நாற்காலி அவளுக்குத்தான், டைரக்டர்களுக்கும் சொல்லியாயிற்று என்றார். நாற்காலி போனாலும் அவளுக்குக் கவலையில்லை. அப்பா தன்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார் என்பதற்கு அவளிடம் இருந்தவை அந்த ஞாயிற்றுக்கிழமைகள் மட்டுமே.

துணியைச் சற்று விலக்கினாள்.

வாய் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தது. நேற்று இழுத்த வாய் அல்ல. கன்னம் வற்றி, மடிப்பு விழுந்து, அப்படியே பழகிப்போன வாய்.

"இது எப்பலேருந்து?"

பிரிசில்லா காகாவைப் பார்த்தாள். காகா வந்து துணியைப் பழையபடி இழுத்துவிட்டார்.

பார்சிகள் தங்கள் இறந்தவர்களைப் பருந்துகளுக்கு விடும் டூங்கர்வாடிக் குன்றில் மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. உடலைக் குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, கல்மேடையில் கிடத்தியதும் புரோகிதர் டெஹ்மினாவை வாசலிலேயே நிறுத்தினார்.

"தப்பா நினைக்காதம்மா. வெளியில கட்டிக்கிட்டவங்க இதுக்கப்புறம் முகம் பாக்கறதில்ல. பெஞ்சுல உக்காரு."

உட்கார்ந்தாள். அதே பெஞ்சின் மறுமுனையில் பஞ்சாலை மேனேஜர் கிழவர் பருச்சா, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்தார். ஸரீர் வந்து தூணில் சாய்ந்தான்.

"நாற்காலிக்கு வாழ்த்து இன்னிக்கே சொல்லணுமா, நாளைக்குச் சொன்னாப் போதுமா?"

"இன்னிக்கு வேணாம் ஸரீர்."

"உன்மேல கோவம் இல்ல. பெரியப்பா மேலதான். தினம் காலைல போன்ல எனக்கு ஒரே பாட்டு, கழுதைக்குப் பொறந்த கழுதைன்னு. எங்கப்பாவும் வீட்ல அதையேதான் சொல்றார், தன்னையே திட்டிக்கறார்னு தெரியாம." சிரிக்கப் பார்த்தான். முடியாமல் உள்ளே போய்விட்டான்.

நாயைக் கூட்டி வந்தார்கள். கண்களுக்கு மேலே இரண்டு பழுப்புப் புள்ளிகள், நாலு கண் போல. உயிர் மிச்சமில்லை என்று அது பார்த்துக் காட்டியபின்தான் மற்றதெல்லாம். பாதி திறந்த கதவு வழியே கல்மேடை தெரியவில்லை. நாயும் சுவரோரம் உட்கார்ந்திருந்த காகாவும் தெரிந்தார்கள்.

நாய் மேடைப் பக்கம் ஒரு தடவை பார்த்தது. திரும்பியது. நேராகக் காகாவிடம் போய், அவர் முன்னால் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்க்க ஆரம்பித்தது.

கயிற்றைப் பிடித்திருந்தவன் இழுத்தான். அது எழவில்லை. மந்திரம் நின்றது. காகா தலையை ஒருபக்கம் திருப்பினார், மறுபக்கம் திருப்பினார். நாயின் பார்வையும் கூடவே போனது.

"இழுத்துட்டுப் போங்கடா அதை."

டெஹ்மினாவுக்குத் தெரிந்த குரல். அந்தக் கரகரப்பு. கடைசி எழுத்தை அழுத்தி முடிக்கும் அந்த முறை. கல்மேடையில் கிடப்பவரின் குரல் அந்த அறைக்குள்ளிருந்து வந்தது.

தூங்கிக்கொண்டிருந்த பருச்சா துள்ளி எழுந்தார். தொப்பி உருண்டு மழையில் விழுந்தது.

"சரி சேட்ஜி," என்றார் கிழவர், கையைக் கட்டிக்கொண்டு.

நாய் எழுந்து, யாரும் இழுக்காமலே, வெளியே வந்து ஈரப் படிகளில் இறங்கிப் போயிற்று.

பிறகு எல்லாம் நடந்தது. வெள்ளை உடுப்புக்காரர்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு குன்றின் மேல் ஏறினார்கள். ஆளுக்கொரு முனையாக ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தபடி மற்றவர்கள் ஜோடி ஜோடியாகப் பின்னால் போனார்கள். ஸரீர் தன் அப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். காகா போகவில்லை. வெளியே வந்து டெஹ்மினாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மரங்களுக்கு மேலே பருந்துகள் வட்டமிட்டன. இருவரும் அவற்றைப் பார்க்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை எல்லாமேவா, காகா?"

காகா அண்ணனின் குரலில்தான் பேசினார். வேறு குரல் அவரிடம் மிச்சமிருந்ததோ என்னவோ.

"ரிசீவரை எங்க ரெண்டு பேர் காதுக்கும் நடுவுலதான் வெச்சுக்குவேன், டிக்ரா. நீ பேசினதெல்லாம் அண்ணனும் கேட்டார், பதில் மட்டும்தான் என்னுது."