சதை எடுக்கவில்லை

வாய்க்கு வாய் தண்ணீர் குடிக்கிறாரே என்று என் வீட்டுக்காரரை நான் திட்டாத நாளில்லை. மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு இட்லி அவித்து வைத்தால், ஒரு விள்ளல், ஒரு மடக்குத் தண்ணீர். “என் சமையல் அவ்ளோ மோசமா?” என்று கேட்டால் சிரிப்பார். உமாபதிக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்புதான் பதில். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

அப்புறம் ஒருநாள், தறியில் சேலை முடிகிற சமயம், முதலாளி அடுத்த சேலைக்குத் தறியில் நீளவாக்கில் ஓட்டுகிற பாவு நூல் அனுப்பினார். இவர் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டார். பாவு இல்லாத தறியை வைத்துக்கொண்டு துணி காயப்போடுவதா? எனக்குக் கோபம் தலைக்கேறியது. தெரு கேட்கக் கத்தினேன். அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

“சாப்பாடு இங்க நின்னுக்குது துர்கா. அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. பாதி நெய்ததை விட்டுட்டுப் போனா நல்லாருக்காது.”

அவர் அண்ணன் உணவுக்குழாயில் புற்று வந்து இறந்தவர்.

வரமாட்டேன் என்றவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கீர்த்தி என்ற டாக்டரம்மா வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். முடிந்ததும் இவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“சதை கிள்ளி எடுத்தீங்களாம்மா?”

“இல்லீங்க ஐயா, எடுக்கல. இன்னொரு ஸ்கேன் பார்த்துட்டுச் சொல்றேன்” என்றவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

பஸ்ஸில் இவர் மெதுவாகச் சொன்னார்: “அண்ணனுக்குச் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. அதுக்கப்புறம்தான் வைத்தியமே. எனக்கு எடுக்கவே இல்ல பாரு. எடுத்து ஒண்ணும் ஆவப்போறதில்லன்னு பார்த்ததுமே தெரிஞ்சிருக்கும்.”

வீட்டுக்கு வந்ததும், தறியை அண்ணன் மகன் தினகரனுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். ஊருக்குக் கிளம்புகிறவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி சொன்னார்.

நான் விடுவேனா? குழாய் முனையிலேயே ஸ்கேன் வைத்து உள்ளே பார்த்த அன்று, டாக்டர் மேஜை முன்னால் சட்டமாக உட்கார்ந்துகொண்டேன்.

“அன்னிக்கு எதுக்கும்மா சதை எடுக்கல? சொன்னாதான் எழுந்திருப்பேன்.”

கீர்த்தி என்னையும் பார்த்தார், பக்கத்தில் இருந்த இவர் முகத்தையும் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

“எடுக்கக் கூடாதுன்னுதான் எடுக்கலம்மா. புற்றுன்னா பெரும்பாலும் உள்தோலே புண்ணாகி, கரடுமுரடா இருக்கும். இவருக்குத் தோல் பளபளன்னு இருக்குது. அடியில தசைக்குள்ள ஒரு கட்டி. துணிக்கு அடியில பட்டாணி இருக்கிற மாதிரி, தள்ளினா நழுவுது. மேலாகக் கிள்ளினா கட்டி கையில வராது. காயம் ஆறும்போது தோல் கட்டியோட ஒட்டிக்கும். பின்னாடி கட்டியை முழுசா எடுக்கறப்போ கிழிஞ்சிடும். ஸ்கேன்லயும் அதேதான் தெரியுது. லியோமயோமான்னு பேரு. சாதாரணக் கட்டி, புற்று இல்ல. சாப்பாட்டை மறிக்கிறதால ஆபரேஷன்ல எடுத்துடலாம். எடுத்தப்புறம் டெஸ்டுக்கு அனுப்பி உறுதி பண்ணிக்கலாம்.”

“இதை அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னாம்மா?”

“சொல்லியிருக்கணும்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் கோபம் போய்விட்டது.

இவர் குனிந்தபடி இருந்தார். கண்ணீர் வேட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. துடைத்துவிட எனக்குக் கை வரவில்லை. அழட்டும் என்று விட்டேன்.

வீட்டுக்கு வந்து வெறும் தறியையே சுற்றிச் சுற்றி வந்தார்.

“அந்தப் பாவு நூலை முதலாளி வேற யாருக்காவது குடுத்திருப்பாரு, இல்ல?”

நான் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து வெள்ளைத் துணி மூட்டையை இழுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் திருப்பி அனுப்பிய அன்றைக்கே போய் வாங்கி வந்த பாவு.

“ஒண்ணும் இல்லன்னு உனக்கு அப்பவே தெரியுமா?”

“எனக்கு இன்னா தெரியும்? பயந்து செத்தேன். பாவு வீட்டுல இருக்கிற வரைக்கும் நீங்க எங்கயும் போவமாட்டீங்கன்னு வெச்சிருந்தேன்.”

அவர் சிரிக்கவில்லை. மூட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

தட்டில் இட்லி வைத்தேன். சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு பக்கத்தில் வைத்தேன்.

“வாய்க்கு வாய் குடிங்க. சாப்பிட்டு வாங்க, புதுப் பாவைத் தறியில இழை பிணைக்கலாம்.”