ஊட்டத்தை நிறுத்தும் நாள்

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டுகளில் வளரும் தசைச் செல்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. அவற்றில் ஒரு தட்டு அவளுடைய தம்பியின் செல்கள். கடல் கடந்து அம்மாவோடு இருக்கும் அவனுக்குத் தசை கரையும் நோய். அவன் தொடையிலிருந்து அரிசியளவு சதை எடுத்து அனுப்பியிருந்தார்கள். அது தட்டில் தசையாகி, புது மருந்துக்கும் அசைந்துகொடுத்தால், அவனைச் சோதனையில் சேர்த்துக்கொள்வார்கள்.

"ஊட்டத்துல வளர்ச்சிக் காரணி இருக்கிற வரைக்கும் இதுங்க பெருகிக்கிட்டே இருக்கும், தசையா மாறாது," என்று கூடத்தின் தலைவியான டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். "தட்டு நிறையுற நேரம் பார்த்து அதை நிறுத்திடணும். பட்டினி கிடந்தாத்தான் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து நாராகும்."

ஊரார் தட்டுகளையெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டு பட்டினி போட்டாள். தம்பியின் தட்டுக்குத்தான் கை வரவில்லை. அன்று காலையில்கூட அம்மா போனில், "ரெண்டு வாய்க்கு மேல முழுங்க மாட்டேங்கிறான்டி" என்று அழுதிருந்தாள். இன்னும் கொஞ்சம் பெருகட்டுமே என்று ஊட்டம் ஊற்றினாள். நிறைந்ததைப் பிரித்துப் புதுத் தட்டுகளில் போட்டாள், அங்கேயும் ஊற்றினாள். அவன் செல்களில் அவசரத்துக்கென்று உறைய வைத்திருந்ததையும் எடுத்து அப்படியே வளர்த்தாள்.

ஒருவழியாக மனதைக் கல்லாக்கிக்கொண்டு நிறுத்தியபோது, செல்கள் அகன்று தட்டையாகக் கிடந்தன. ஒரு நார்கூட உருவாகவில்லை.

"பெருகிப் பெருகியே ஓய்ஞ்சு போச்சும்மா," என்றார் டாக்டரம்மா. அவர் திட்டியிருந்தால் தேவலை.

தம்பி போன் திரையில் சிரித்துக்கொண்டு வந்தான். "என்னக்கா, என் சதை என்னைவிட குண்டாயிடுச்சா?"

அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

"ஊட்டியே கெடுத்துட்டியா? அம்மா பொண்ணுதான் நீ, சந்தேகமே இல்ல."

"என்னடா சொல்றா?" என்று அம்மா குரல் அடுக்களையிலிருந்து வந்தது.

"அக்கா சமையல் தீஞ்சு போச்சாம்மா!" என்று கத்தினான். பிறகு குரலைத் தணித்து, "திரும்ப எடுக்கச் சொல்லு," என்றான்.

"தொடையில எடுக்க ஒண்ணுமில்லடா. ஸ்கேன்ல வெறும் கொழுப்புதான் தெரியுதாம்."

"வலது கை இருக்கே."

அவன் சக்கர நாற்காலியை நகர்த்துவது அந்தக் கையால்தான்.

"எடுத்த இடம் திரும்ப வளராதுடா. கை இன்னும் தளர்ந்துடும்."

"எடுக்கலன்னா மட்டும் தளராதா?"

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் துடித்தது.

"சரி," என்றாள். "ஆனா இந்தத் தடவை தட்டை நான் தொட மாட்டேன். வேற யாராவது பார்க்கட்டும்."

"தூர நின்னு பாரு. அது போதும்."

அழைப்பைத் துண்டிக்க அவன் விரல் திரையைத் தேடி மெல்ல வந்தது. எப்போதும் அவள்தான் முந்திக்கொண்டு துண்டிப்பாள். இன்று அது வந்து சேரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.