மனசுக்கு ஆள் அனுப்பிய மணியன்

நாமக்கல் மணியன் எந்த இடத்துக்கும் தானாகப் போகிற ஆள் இல்லை. வங்கிக்குப் பண்ணை மேனேஜர் போவார், மின்வாரிய ஆபீசுக்குக் கணக்குப்பிள்ளை போவார், எழவு வீட்டுக்குக்கூட மாலையைக் கொடுத்து மகன் கௌசிக்கை அனுப்பிவிட்டு, இவர் கோழிப்பண்ணையில் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கட்டிலுக்குத்தான் பாவம், மாற்று ஆள் கிடையாது.

சர்க்கரை ஏறி, முட்டி தேய்ந்து, படுத்தால் மூச்சு அடைக்கிற நிலைக்கு வந்த பிறகு, இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்றார் சேலத்து டாக்டர். இப்படியே விட்டால் பேரன் பேத்தியைப் பார்க்க மாட்டீர்கள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். மணியன் உடனே சம்மதித்தார். வெட்டப்போவது டாக்டர், படுத்துக் கிடப்பது மட்டும்தானே இவர் வேலை! ஆனால் டாக்டர் ஒரு கொக்கி போட்டார். பசிக்காமலே ஏன் சாப்பிடுகிறீர்கள் என்று மனநல ஆலோசகரிடம் பேசியாக வேண்டும், அந்தப் பெண் சரி என்று எழுதித் தராமல் கத்தியைத் தொட மாட்டேன் என்றார்.

மனசைப் பற்றிப் பேசவா? அதுவும் மகள் வயசுப் பெண்ணிடமா? மணியனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மனைவி வசந்தாமணியைக் கூப்பிட்டு, நான் தின்பதெல்லாம் உனக்குத்தான் தெரியும், நீயே போய்ச் சொல்லி எழுதி வாங்கி வா என்றார். ஆதார் கார்டு வாங்கப் போகிற மாதிரி அவளும் போனாள்.

ஆலோசகர் அபிநயா, வீட்டார் பேசுவதும் நல்லதுதான், ஆனால் அவர் வராமல் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டாள். மணியன் அசைவாரா? அடுத்த வாரமும் மனைவியை ஆஸ்பத்திரி மாடிக்கு ஏற்றிவிட்டு, கீழே காரில் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எதிர்க் கடையிலிருந்து, சட்னி தடவிக் காய்த்துருவல் வைத்த தட்டுவடை செட் வந்துகொண்டே இருந்தது. உம்மென்று மேலே போன வசந்தாமணி, முகம் தெளிந்து, நர்சிடம் சிரித்துப் பேசியபடி இறங்கினாள். காரில் ஏறியதும் பழையபடி உம். மணியனுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்கும் ஒரு செட் சொன்னார்.

மூன்றாம் வாரம் அபிநயா கீழே ஆளை விட்டு அவரைக் கூப்பிட்டனுப்பினாள். படியேறி, மூச்சு வாங்க, மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசியாகப் பசியில்லாமல் எப்போது சாப்பிட்டீர்கள் என்று அபிநயா கேட்டாள். இப்போதுதான், காரில் என்றார். ஏன் என்றாள். ஏதாவது சொல்லி மழுப்பத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"இவ மேல வந்து உங்ககிட்ட மணிக்கணக்கா பேசறா அம்மிணி. ஊட்டுல எங்கிட்டப் பேசறது ஒண்ணே ஒண்ணுதானுங்க, சாப்பிடறீங்களாங்கறது. வேண்டாம்னா அதோட பேச்சு முடிஞ்சுது. அதனால வேண்டாம்னு நான் சொல்றதே இல்லீங்க."

இப்படி ஒன்று உள்ளே கிடந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது. பக்கத்தில் இருப்பவள் உருகிப்போவாள் என்றும் கொஞ்சம் நம்பினார்.

வசந்தாமணி அவரைத் திரும்பிப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்:

"கௌசிக் கல்யாணத்துல, அத்தன சனத்துக்கு முன்னால, சோறு போடறதோட உன்ற வேலை முடிஞ்சுது, வாயைத் தொறக்காதன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் தொறக்கலீங்க. சோறு மட்டுந்தான் போட்டேன்."

அபிநயா அன்றும் கையெழுத்துப் போடவில்லை. இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறீர்கள், இனி இரண்டு பேரும் வாருங்கள் என்றாள்.

சாயங்காலம் வீட்டில் வசந்தாமணி தட்டு வைக்காமல் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கல்யாணத்தன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள். பேச மாட்டாளா என்று ஏங்கிய மகராசன், ஒரு வாய் சோறு வந்தால் தப்பிக்கலாமே என்று அடுப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.