ஒரே நாள், ஒரே மைதானம்

கால்பந்துச் சங்கத் தலைவருக்கு இதுவரை மூன்று யோசனைகள் தோன்றியிருந்தன. முதல் இரண்டும் சங்க அலுவலக வாசலில் இரண்டு நீரூற்றுகளாக நிற்கின்றன, தண்ணீர் வருவதில்லை. மூன்றாவது, பெண்கள் கோப்பை இறுதியாட்டத்தையும் ஆண்கள் கோப்பை இறுதியாட்டத்தையும் ஒரே நாளில், ஒரே பெரிய மைதானத்தில் நடத்துவது.

“சமத்துவம்!” என்று மேஜையைத் தட்டினார். கோப்பையிலிருந்த தேநீர் துணைத் தலைவர் மடியில் சிந்தியது. அதையும் ஆமோதித்துத் துணைத் தலைவர் தலையாட்டினார்.

எந்த அணி எப்போது எங்கே ஆடும் என்று குறித்துக் கொடுப்பவன் மூலை நாற்காலியில் இருந்தான். அலுவலகத்தில் அவனுக்குப் பெயரே ‘அட்டவணை’தான்.

“எழுதிக்கோ அட்டவணை. பொம்பளைங்க ஆட்டம் மூணேகால் மணிக்கு. ஆம்பளைங்க ஆட்டம் ஆறு மணிக்கு. டிவில நேரலை, ஒரு நிமிஷம்கூடத் தள்ளக் கூடாது. நடுவுல சமத்துவத்தைப் பத்தி என் உரை. பொம்பளைங்க ஆட்டம் எப்பய்யா முடியும்?”

எல்லாரும் துணைத் தலைவரைப் பார்த்தார்கள்.

“தொண்ணூறு நிமிஷம்னு விதியில இருக்கு” என்றார் துணைத் தலைவர்.

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் நாம இருந்ததில்லையே சார்.”

உண்மைதான். பெண்கள் இறுதியாட்டம் ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி மைதானத்தில் காலை வேளையில் நடக்கும். சங்கத்தார் போவார்கள், வீராங்கனைகளோடு கைகுலுக்குவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், இடைவேளையில் சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள். யார் ஜெயித்தார்கள் என்பதை மறுநாள் செய்தித்தாளில் தேடலாம். கிடைத்தால் அதிர்ஷ்டம். அட்டவணையும் அவர்களோடு வண்டியேறிப் போனவன்தான். அந்த ஆட்டங்களில் ஒரு பக்கம் கோல்கீப்பராக நின்றது அவனுடைய சொந்தத் தங்கை.

“டிரா ஆனா கூடுதல் நேரம் அரை மணி சார்” என்றான். “அதுவும் டிரா ஆனா பெனால்டி. அப்ப உங்க உரைக்கு…”

“உரைக்கு?”

“இடம் இருக்காது.”

காலில் ஏறிய எறும்பைப் பார்ப்பதுபோல் தலைவர் அவனைப் பார்த்தார். “டிரா ஆனா டாஸ் போட்டு முடிச்சிடு. நடுவர்கிட்டயும் ரெண்டு கேப்டன்கள்கிட்டயும் நீயே பக்குவமா எடுத்துச் சொல்லிடு.”

அட்டவணை தலையாட்டினான். சமத்துவ உரைக்கு இடம் வேண்டுமென்று சமத்துவத்திலிருந்து அரை மணி நேரம் வெட்டப்பட்டது. இதில் கோளாறு இருப்பதாக அறையில் வேறு யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றியது. ஆனால் அவனுக்குத் தோன்றுவதெல்லாம் வயிற்றில்தான் தோன்றும். வாய்வரை ஏறி வராது.

அன்றிரவு சாப்பாட்டு மேஜையில் எதிரே தங்கை உட்கார்ந்திருந்தாள். வலது முழங்காலில் ஐஸ் பை. இந்த ஒரு ஆட்டத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

“கடைசி ஆட்டம் பெரிய மைதானத்துல” என்றாள். “தோத்தாலும் பரவாயில்லை. முழுசா ஆடிட்டு வெளிய வரணும், அவ்வளவுதான். நீதான் நேரம் போட்டியாமே, ஒழுங்காப் போட்டிருக்கியா?”

“ம். போட்டிருக்கேன்.”

“அதை ஏன் தட்டைப் பார்த்துச் சொல்ற?”

“ஜன்னலை உடைச்சப்பவும் தட்டைப் பார்த்துத்தான் பேசினான்” என்றாள் அம்மா. “என்னத்தை உடைச்சிருக்கானோ.”

அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவினான்.

ஆட்டத்தன்று மைதானம் பாதிக்கு மேல் நிரம்பியது. கூரையிலிருந்து தொங்கிய பெரிய துணியில் சமத்துவம் என்ற எழுத்துக்களைவிடத் தலைவர் முகம் பெரிதாக இருந்தது. அட்டவணை நடுவரின் அறைக்குப் போனான். கண்டிப்புக்குப் பெயர்போன பெண்மணி, குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன சார்?”

“ஒண்ணுமில்ல மேடம். புல்லு நல்லாயிருக்கா?”

“நல்லாயிருக்கு.”

வெளியே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி போனான்.

“மறுபடி என்ன?”

“காத்து…”

“காத்தும் நல்லாயிருக்கு சார். நீங்கதான் நல்லா இல்ல. போய் உட்காருங்க.”

போய் உட்கார்ந்தான். கேப்டன்களிடம் பேசலாம் என்று எழுவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். இனி அவனைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது: டிரா ஆகக் கூடாது. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, யாராவது கோல் போடுங்கள், யாராக இருந்தாலும் சரி என்று உள்ளுக்குள் கெஞ்சினான். கால்சட்டைப்பையில் டாஸுக்கான நாணயம் தொடையில் உறுத்தியது.

இரண்டாம் பாதியில் எதிரணிக்காரி அடித்த பந்து தங்கையின் விரல்களைத் தாண்டி வலைக்குள் போனது. அவன் கைகள் தாமாகத் தட்டப் போயின. பாதியில் நிறுத்தித் தலையைச் சொறிந்துகொண்டான். கூடப் பிறந்தவள் கோல் வாங்கியதற்குச் சந்தோஷப்பட்டவன் உலகத்திலேயே தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று நினைத்தான். அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் தங்கையின் அணி ஒரு கோல் அடித்துச் சமன் செய்தது. மைதானமே எழுந்து கத்தியது. அவன் மட்டும் நாற்காலியில் இன்னும் கீழே இறங்கினான்.

தொண்ணூறு நிமிடம் முடிந்து விசில் கேட்டதும் துணைத் தலைவர் படியில் தடதடவென்று இறங்கி வந்தார்.

“போய் டாஸ் போடச் சொல்லு. தலைவர் பேச்சைக் கையில எடுத்துட்டார்.”

“இன்னும் சொல்லல சார்.”

“யார்கிட்ட சொல்லல?”

“யார்கிட்டயுமே.”

துணைத் தலைவர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தலையை இடவலமாக ஆட்டினார். “நீ செத்த! ஓடு, இப்பவே சொல்லு!”

அவன் நாணயத்தை எடுத்துக்கொண்டு கோட்டருகே போனான். தங்கை நொண்டியபடி தண்ணீர் குடிக்க அங்கேதான் வந்தாள். கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு அவன் கையைப் பார்த்தாள்.

“அது எதுக்கு?”

“இது… சும்மா.”

“அண்ணா.”

அவனுக்கு முன்னால் தட்டு இல்லை. வேறு வழியில்லாமல் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் மேலே முக்கியஸ்தர் வரிசையில், தலைவர் கையிலிருந்த காகிதக் கற்றையைப் பார்த்தாள். பிறகு மறுபடி நாணயத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கத்துவாள் என்று காத்திருந்தான். அவள் கத்தவில்லை.

“என் ஆட்டத்துல இடைவேளைக்கு அப்புறம் நீ இருக்கறது இதுதான் முதல் தடவை” என்றாள். “இவ்வளவு நேரம் இருந்துட்ட. இன்னும் கொஞ்சம் இரேன்.”

நடுவர் வந்தார். “சார், கூடுதல் நேரம் ஆரம்பிக்கப் போறேன். ஏதாவது சொல்லணுமா? புல்லு, காத்து?”

மேலே தலைவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். பின்னால் துணைத் தலைவர் இருமினார். அட்டவணை நாணயத்தை உள்ளங்கைக்குள் மூடினான். டாஸ் என்று சொன்னால் வீட்டில் முகம் காட்ட முடியாது, சொல்லாவிட்டால் வேலை போகும்.

“ஒண்ணுமில்ல மேடம்” என்றான். “எல்லாரும் தண்ணி குடிச்சாச்சான்னு பாருங்க.”

போய் உட்கார்ந்து நாணயத்தைக் கால்சட்டைப்பையில் திரும்பப் போட்டான். அந்த அரை மணி நேரம் மைதானக் கடிகாரத்தையும் பார்க்கவில்லை, மேலேயும் பார்க்கவில்லை. ஆண்கள் அணியினர் கோல் கம்பத்துக்குப் பின்னால் வந்து, இடம் எப்போது காலியாகும் என்று பொறுமையில்லாமல் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி நிமிடத்தில் தொலைவிலிருந்து ஒரு சாதாரண அடி. முழங்கால் நன்றாக இருந்த காலத்தில் தங்கை கொட்டாவி விட்டுக்கொண்டே பிடித்திருப்பாள். கால் நகரவில்லை. பந்து கையுறையில் பட்டு உள்ளே உருண்டது. விசில்.

பதக்கங்களை அவசர அவசரமாக மாட்டிவிட்டார்கள். தலைவர் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, “சமத்துவம் என்பது…” என்று தொடங்கினார். நேர அட்டவணையில் உள்ளதை அட்சரம் பிசகாமல் செய்யும் ஒலிக்காரர், ஆண்கள் அணி வரவேற்பு இசையை அந்த நொடியில் போட்டுவிட்டார். தலைவரின் வாய் மட்டும் அசைந்தது. ஓடிவந்த வீரர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு, வழியில் நிற்கும் கம்பத்தைத் தாண்டுவதுபோல் போனார்கள்.

ஆறு மணிக்கு ஆண்கள் ஆட்டம் ஒரு நிமிடம்கூடத் தள்ளாமல் தொடங்கியது. சற்று நேரத்தில் துணைத் தலைவர் வந்தார். “நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லச் சொன்னார்” என்றார், வழக்கம்போல் தலையாட்டிக்கொண்டே.

தங்கை கீழ்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் கையுறைகளை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

“டாஸ் போட்டிருந்தா ஜெயிச்சிருப்போமோ?”

“இருக்கலாம்.”

“அப்புறம் எதுக்குடா விட்ட?”

“நீதானே இருக்கச் சொன்ன.”

“சொன்னா? நான் சொன்னதை நீ என்னிக்குக் கேட்டிருக்க?” என்று அவன் தோளில் ஒரு குத்து விட்டாள். கோல்கீப்பரின் குத்து, நன்றாகவே வலித்தது. “வேலை?”

“போச்சு.”

“அம்மாகிட்ட நீயே சொல்லு. தட்டைப் பார்க்காம.”

இடைவேளை விசில் ஊதியது. தலைவர் கீழே இறங்கி வந்து ஆண்கள் அணிகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார். தங்கை அவன் தோளைப் பிடித்து ஒற்றைக்காலில் எழுந்தாள்.

“போட்டோதான் எடுத்தாச்சே” என்றாள். “வா, சாப்பிடப் போலாம்.”