மூன்றரை மணி நேரப் பயணம்

சங்கலாவோடு இந்தாங் ஓடிப்போன மறுநாளே, அவளுடைய அண்ணன் ராலா சங்கலாவின் படகைக் கொளுத்தினான். தடுக்க வந்த சங்கலாவின் தம்பி கையை முறித்தான். தங்கை ஓடிப்போன பிறகும் கத்தியைத் தீட்டாதவனை மக்காசரில் ஆம்பளை என்றே மதிக்க மாட்டார்கள். ஆனால் ஓடிப்போனவனின் கையை இமாம் வந்து பிடித்துவிட்டால், அப்புறம் எவனும் அவனைத் தொடக்கூடாது. அதுவும் அதே ஊர் வழக்கம்தான்.

இரண்டு வருடம் கடல் தாண்டிக் கிழக்கே ஜயபுராவில் ஒளிந்து கிடந்தார்கள். வயிற்றில் பிள்ளை தங்கியதும் இந்தாங் இமாமுக்குப் போன் போட்டாள்.

"ஊருக்கே வந்துடறோம் இமாம். வெள்ளிக்கிழமை பன்னண்டு மணி விமானம். ரெண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், மூன்றரை மணி நேரமாம்."

"அப்ப மூன்றரைக்கு ஏர்போர்ட் வாசல்ல வந்து நிக்கிறேன். நான் கையைப் பிடிக்காம உன் புருஷன் வெளிய தலை காட்டக் கூடாது. உங்கண்ணன் அங்கதான் வேன் ஓட்டுறான்."

முறைப்படி இமாம் பெண் வீட்டுக்குப் போய் அவர்கள் வரும் தேதியைச் சொன்னார். அப்பன் தலையாட்டினார். ராலா எழுந்து போய்விட்டான்.

ஜயபுராக் கடிகாரம் மக்காசரை விட ஒரு மணி நேரம் முந்தி ஓடும். அவளும் அதை நினைக்கவில்லை, இமாமும் நினைக்கவில்லை. பத்து வருடமாகக் கிழக்கு விமானத்துக்குச் சவாரி பிடித்த ராலாவுக்கா தெரியாது?

விமானம் இறங்கிப் பெட்டி கைக்கு வந்தபோது இந்தாங்கின் கைக்கடிகாரத்தில் மூணு அம்பது.

"இமாம் வந்துட்டாரான்னு நீ முதல்ல எட்டிப் பாக்கறியா?" என்றான் சங்கலா.

"இருபது நிமிஷமா வயசான மனுஷன் வெயில்ல காயறாரு. இன்னும் எத்தனை நாளைக்கு டாயெங் பயந்து சாவீங்க? வாங்க!" புருஷனை ஊர் மரியாதைப்படி டாயெங் என்று அழைத்துக்கொண்டே கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

வெளியே இமாம் இல்லை.

"வாடா மச்சான்!" என்று பின்னாலிருந்து ராலாவின் குரல் கேட்டது.

முதல் கத்திக்குத்து சங்கலா குறுக்கே தூக்கிய பெட்டியில் இறங்கியது. சங்கலா எட்டி உதைத்தான். ராலா விழுந்தான், விழுந்த வேகத்தில் எழுந்தான். இந்தாங் பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். முழங்கையால் அவள் வாயில் இடித்துத் தள்ளினான், பல் தெறித்தது.

"பாவி, என் பிள்ளைக்கு அப்பன்டா!"

"அதுக்குத்தான்டி!"

இரண்டாவது குத்து விலாவில், மூன்றாவது அடிவயிற்றில். சுற்றிலும் நின்ற வேன்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். மானப் பிரச்சினையில் குறுக்கே போவார் யார்?

ராலா நான்காவது முறை ஓங்கும்போது ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது. இமாம் செருப்பு கழல ஓடிவந்து சங்கலாவின் ரத்தக் கையைப் பற்றினார்.

"என் கையில இருக்கான்! தொடாதே!"

ராலா உடனே கத்தியைக் கீழே போட்டான். "சரி இமாம். இனிமே பகை இல்ல" என்று தரையில் உட்கார்ந்தான்.

சங்கலாவின் கை இமாமின் பிடியில் ஏற்கெனவே உயிரின்றித் தளர்ந்து கிடந்தது.

"அரை மணி முன்னாடியே வந்தேனேம்மா," என்று இமாம் அழுதார். "மணி இப்பத்தானே மூணு?"

இந்தாங் அவரைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தாள். தன் கடிகாரத்தைப் பார்த்தாள், அதில் நாலு.

"நீங்க சரியாத்தான் வந்தீங்க இமாம்," என்றாள். "உள்ளயே நின்னவரை நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்."