மற்றொரு மாணவி

அத்தையின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டி முடித்த பிறகுதான் மாதவி நாற்காலியைப் பார்த்தாள். இஸ்திரி போட்ட புடவை அதன் முதுகில் அப்படியே தொங்கியது. சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் பருத்திப் புடவை. இன்றைய பல்கலைக்கழக விழாவுக்கென்று அவள் மாமியாரான வஞ்சியம்மா அத்தை நேற்றே எடுத்து வைத்தது. காலை ஆறரைக்கு மாதவி டீயோடு போய் எழுப்பியபோது அவள் எழவில்லை.

"அதையே கட்டிவிட்டுடலாம்க்கா" என்றாள் மாதவி. பக்கத்து வீட்டு அருக்காணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

'வஞ்சிக்கு' என்பதுதான் கென்யாவில் வைத்த முழுப் பெயர்; காலனி அதை வஞ்சியம்மா ஆக்கிக்கொண்டது. அறுபதுகளின் தொடக்கத்தில் தாவரவியல் படிக்க உதவித்தொகையோடு கல்கத்தாவுக்கு வந்தவள். ஒருநாள் ஹௌராவில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டாள். பிடித்தவர் டிக்கெட் பரிசோதகர் வேலாயுதம். அபராதம் எழுதிய கையையே பிடித்துக்கொண்டு சாந்த்ராகாச்சி ரயில்வே காலனிக்கு வந்து சேர்ந்தாள். முப்பது வருஷம் ரயில்வே பள்ளியில் பாடம் நடத்தினாள். காலனியில் பாதிப் பேர் அவளிடம் குட்டு வாங்கியவர்கள். வேலாயுதம் போய்ப் பல வருஷம் ஆயிற்று.

கடைத்தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அந்த அத்தையை மாதவி ஒருநாளும் வியந்து பார்த்ததில்லை. கூடவே இருப்பவரை யார் வியக்கிறார்கள்? ரசத்தில் உப்பு, கொடியில் துணி, யார் முதலில் பேப்பர் படிப்பது என்று இருபத்திரண்டு வருஷம் இருவருக்கும் சண்டைதான். நேற்று ராத்திரிகூட மாத்திரை போடச் சொன்னதற்கு வாக்குவாதம். அது முடிந்த பிறகுதான் அத்தை அதைச் சொன்னாள்.

"நாளைக்கு எனக்கு முடியலேன்னா நீ போ மாதவி. ஆப்பிரிக்காவுலேருந்து வந்து படிச்சவங்க எல்லார் பேரையும் செவுத்துல போடறாங்களாம். என் பேரு கிடக்கட்டும். அச்சியெங் பேரு இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு."

அச்சியெங் அத்தையோடு ஒரே கப்பலில் வந்து ஒரே அறையில் தங்கிப் படித்தவள். இரண்டாம் வருஷம் டைபாய்டில் போய்விட்டாள். ஊருக்கு எடுத்துப்போக வழியில்லாமல் இங்கேயே புதைத்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அத்தை சாமந்திப் பூவோடு தனியாகக் கிளம்பிப் போவாள். யாரையும் கூட்டிப் போகமாட்டாள்.

பெங்களூரிலிருந்து நாத்தனார் சௌந்தரம் வந்து சேர மூன்றரை ஆகும். நாலரைக்கு எடுப்பதென்று முடிவாயிற்று. மணி பத்து. மாதவி கைப்பையை எடுத்தாள்.

"பொணத்த நடுவூட்டுல போட்டுட்டு மருமவ எங்க கண்ணு போறே?" என்று அருக்காணி வாசலை மறித்தாள். "நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"பாத்துட்டு வந்து சொல்றேன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேங்க்கா."

"இனி யாருகிட்டப் போயிச் சொல்லுவே?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த அவள் கணவன் பாபு, தன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பாமலே சொன்னான். "போகட்டும் விடுங்கக்கா. மாதவி, மூணரைக்குள்ள வந்துடு."

லோக்கல் ரயிலில் ஹௌரா, அங்கிருந்து பஸ். துக்க வீட்டிலிருந்து வந்தவள் பல்கலைக்கழகக் கூடத்துக்குள் நுழையலாமா என்று வாசலில் ஒரு கணம் தயங்கினாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அங்கே யாரும் செருப்பைக் கழற்றியிருக்கவில்லை.

தரையிலிருந்து கூரைவரை புகைப்படங்களில் முகங்கள். எல்லாம் கறுப்பு முகங்கள். கென்யா, உகாண்டா, நைஜீரியா, கானா, சூடான். கோட்டும் டையுமாக, கிரிக்கெட் மட்டையோடு, சரஸ்வதி பூஜைப் பந்தலில் மஞ்சள் புடவையில், மழைவெள்ளத்தில் பேண்டை மடித்துவிட்டுப் புத்தகங்களைத் தலையில் வைத்தபடி. எழுபது வருஷத்து மனிதர்கள். ஒருவர் ஊருக்குப் போய் நீதிபதியானாராம், ஒருத்தி மருத்துவமனை கட்டினாளாம். கைத்தடி ஊன்றிய முதியவர் ஒருவர் தன் இளவயதுப் படத்தின் முன் நின்று, கழுத்து டையை நேராக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டில் ஒற்றை ஆளாகப் பார்த்துப் பழகிய அத்தைக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கூட்டமா? இத்தனை பேர் கடல் தாண்டி வந்து, இந்த வெயிலையும் மழையையும் தாங்கிப் படித்தார்களா? இவர்களில் ஒருத்தியோடா நான் உப்புக்குச் சண்டை போட்டேன்? கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள்.

மூன்றாவது வரிசையில் அத்தை இருந்தாள். இருபது வயது. நிமிர்ந்த தலை, ராணியைப் போல. கையில் ஒரு செடி. அவள் தோளில் கைபோட்டபடி இன்னொரு பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே வங்காளத்தில் எழுதியிருந்தது: 'வஞ்சிக்கு, தாவரவியல், முதல் வகுப்பு. உடன் மற்றொரு மாணவி.'

மாதவி கிட்டே போய்ப் பார்த்தாள். 'அவ சிரிச்சா முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல ஒரு பென்சிலே போகும்' என்று அத்தை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்தப் பென்சில் போகும் இடைவெளி படத்தில் தெளிவாகத் தெரிந்தது. பெயர்கள் எழுதிய சுவரை மேலிருந்து கீழாக இரண்டு முறை தேடினாள். அச்சியெங் இல்லை.

கண்காட்சிக்குப் பொறுப்பாக இருந்தவள் நக்காட்டோ என்ற உகாண்டா மாணவி. ஆராய்ச்சி செய்கிறவள். வங்காளம் நன்றாகவே பேசினாள்; மாதவியை 'தீதி', அக்கா, என்றே அழைத்தாள்.

"பட்டம் வாங்கினவங்க பதிவேட்டுலேருந்துதான் பேரெல்லாம் எடுத்தோம் தீதி. பரீட்சை எழுதாம போனவங்க அதுல வரமாட்டாங்க."

"எழுதாம போகல. செத்துப்போயிட்டா. இதோ நிக்கிறாளே, இவதான்." மாதவி படத்தைத் தொட்டுக் காட்டினாள். "பக்கத்துல இருக்கறது என் மாமியார். இன்னிக்குக் காலைல போயிட்டாங்க. இந்தப் பேரு இருக்கான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க."

நக்காட்டோ படத்தின் முன் போய்த் தலை குனிந்து நின்றாள். பிறகு படத்துக்குக் கீழே பெயர் எழுதியிருந்த அட்டையைக் கழற்றி, பட்டை மார்க்கர் ஒன்றைக் கொண்டுவந்து மாதவியிடம் நீட்டினாள்.

"நீங்க எழுதுங்க தீதி. அவங்களைத் தெரிஞ்சவங்க இங்க வேற யாரும் இல்ல."

'மற்றொரு மாணவி' என்பதை அடித்துவிட்டு மாதவி மேலே 'அச்சியெங்' என்று எழுதினாள். மார்க்கர் கசிந்து இரண்டு விரல்களிலும் மை ஏறியது. நக்காட்டோ அட்டையைத் திரும்ப மாட்டி, பெயர்ச் சுவரின் கடைசியிலும் அதே பெயரை எழுதினாள்.

வீடு வந்தபோது மூன்றேகால். சிவப்புக் கரைப் புடவையில் அத்தை வாசலில் கிடந்தாள். ரயில்வே பள்ளியில் படித்தவர்கள் தெருமுனைவரை நின்றார்கள். ஆளாளுக்கு நரைத்திருந்தது.

சௌந்தரம் வந்து அழுது ஓய்ந்ததும் வாய்க்கரிசி தொடங்கியது. மாதவியின் முறை வந்தது. அவள் தட்டைத் தொடாமல் முதலில் குனிந்து அத்தையின் காதருகே போனாள்.

"இருக்கு அத்தை. உங்க பக்கத்துலயே இருக்கு."

தட்டைப் பிடித்திருந்த அருக்காணி அவள் விரல்களைப் பார்த்தாள்.

"கையென்ன கண்ணு இப்பிடி? கழுவலியா?"

"கழுவினேங்க்கா. போகல."

அருக்காணி தட்டை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தாள். மாதவி அரிசியை அள்ளி அத்தையின் உதட்டில் வைத்தாள். ஈர அரிசியில் இரண்டு மணி மட்டும் லேசாகக் கறுத்திருந்தது.